சேர்ந்து உட்காருவது வேறு, சேர்ந்து கற்பது வேறு

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். மொழி வகுப்பு ஒன்றில் 40 மாணவர்கள். பீரியட் 45 நிமிடம். பாடத்தைச் சொல்வதும் விளக்குவதும் கரும்பலகையில் எழுதுவதுமாக ஆசிரியருக்கு 25 நிமிடம் போய்விடுகிறது. மிச்சமுள்ள 20 நிமிடத்தை எல்லோருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு அரை நிமிடம். வருடத்துக்கு 180 பீரியட் நடந்தாலும், ஒரு மாணவர் அந்த மொழியில் வாய் திறந்து பேசியது மொத்தம் ஒன்றரை மணி நேரம். நடைமுறையில் அந்த அரை நிமிடமும் சமமாகப் பங்காவதில்லை. முதலில் கை தூக்கும் ஐந்தாறு பேர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். வருடம் முழுக்க ஒரு முழு வாக்கியம்கூடப் பேசாமல் தேர்ச்சி பெற்றுப் போகும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அதே 20 நிமிடத்தில் பாதியை இருவர் இருவராகப் பேச விட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைக்கிறது. பத்து மடங்கு. இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், பெஞ்சை நகர்த்தக்கூட வேண்டியதில்லை.

மாணவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் முறைக்கு, கூடிக் கற்றலுக்கு, பலரும் முதலில் சொல்லும் நியாயம் இந்தக் கணக்குதான். ஆனால் இதை மட்டும் நம்பி மாணவர்களை நான்கு நான்கு பேராக உட்கார வைத்த ஆசிரியர்கள் பலர் இரண்டே வாரத்தில் பழைய முறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். என்னுடைய முதல் முயற்சியும் அப்படித்தான் முடிந்தது. ஒரு பத்தியைக் கொடுத்து, “கலந்து பேசி விடை எழுதுங்கள்” என்றேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தாளுக்கு ஓரக்கோடு போட்டார். மற்ற இருவரும் வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, நான் கொடுத்த வேலையில் இருந்தது என்பது புரியக் கொஞ்ச காலம் ஆனது. ஒருவர் தனியாக முடித்துவிடக்கூடிய வேலையை நான்கு பேரிடம் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். மற்ற மூன்று பேருக்கு அங்கே வேலையே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதைப் பற்றித்தான். மாணவர்களைச் சேர்ந்து உட்கார வைப்பது எளிது. ஒருவருக்கு இன்னொருவர் உண்மையாகவே தேவைப்படும்படி வேலையை அமைப்பதுதான் ஆசிரியரின் கைத்திறன்.

கயிறு இழுத்தவர்கள்

குழுவில் ஆள் கூடக் கூட ஒவ்வொருவரின் உழைப்பும் குறைகிறது என்பதை பிரான்ஸைச் சேர்ந்த வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மன் நூறாண்டுகளுக்கு முன்பே அளந்து பார்த்தார். 1913இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, கயிற்றைத் தனியாக இழுக்கும்போது ஒருவர் போடும் பலத்தைவிடப் பலரோடு சேர்ந்து இழுக்கும்போது அவர் போடும் பலம் குறைவு. 1979இல் அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லதானேயும் அவரது சகாக்களும் கைதட்டலையும் கத்தலையும் வைத்து இதையே மறுபடி சோதித்தார்கள். தன் பங்கைத் தனியாக அடையாளம் காண முடியாது என்று தெரிந்தால் மனிதர்கள் தளர்ந்துவிடுகிறார்கள். சோம்பேறிகள் மட்டும் செய்வது இல்லை இது. எல்லோரும் செய்வது.

அப்படியானால் எந்தக் குழு உழைக்கிறது? இதற்கான அடிப்படைச் சிந்தனையை 1949இல் மார்ட்டன் டாய்ச் என்ற சமூக உளவியலாளர் முன்வைத்தார். ஒருவருடைய இலக்கு மற்றவருடைய இலக்கோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர்கள் நடந்துகொள்ளும் விதம் அமைகிறது என்றார். நீ ஜெயித்தால் நான் தோற்பேன் என்றால் போட்டி. நீ கரையேறினால்தான் நானும் ஏற முடியும் என்றால் ஒத்துழைப்பு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ராஜர் ஜான்சன் சகோதரர்கள் இந்தச் சிந்தனையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். கூடிக் கற்றலுக்கு ஐந்து கூறுகள் வேண்டும் என்று அவர்கள் வகுத்தது இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது. ஒருவரையொருவர் சார்ந்திருப்பது, ஒவ்வொருவரும் தன் கற்றலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியிருப்பது, நேருக்கு நேர் பேசி ஊக்குவிப்பது, கூடி வேலை செய்யும் பக்குவம், ‘நாம் எப்படி வேலை செய்தோம்’ என்று குழுவே திரும்பிப் பார்ப்பது என்பவையே அவை.

ஐந்தும் முக்கியம்தான். ஆனாலும் முதல் இரண்டும் இல்லையென்றால் மற்ற மூன்றும் நிற்பதில்லை என்பது என் அனுபவம். சார்பு மட்டும் இருந்து தனிப்பொறுப்பு இல்லாவிட்டால் ஒருவர் முதுகில் மூவர் ஏறிக்கொள்வார்கள். தனிப்பொறுப்பு மட்டும் இருந்து சார்பு இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையை அவரவர் செய்வார்கள். அதற்குக் குழு எதற்கு?

பேச்சே பாடமாக இருக்கும் இடம்

அறிவியல் வகுப்பிலோ கணித வகுப்பிலோ குழுவாகப் பேசுவது பாடத்தை அடைய ஒரு வழி. மொழி வகுப்பில் அந்தப் பேச்சே பாடம். இந்த ஒரு வேறுபாட்டால்தான் மொழி ஆசிரியருக்குக் கூடிக் கற்றல் மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

மொழி கற்பது எப்படி நிகழ்கிறது என்று ஆராய்ந்தவர்களில் இருவரின் பணி இங்கே பொருந்தும். மைக்கேல் லாங், உரையாடலில் ஏற்படும் தடங்கலைக் கவனித்தார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை. “என்ன சொன்னாய்?” என்கிறார். முதலாமவர் வேறு சொல்லைப் போட்டு, வாக்கியத்தை மாற்றி மறுபடி சொல்கிறார். இந்தச் சின்னப் பழுதுபார்ப்பில்தான் மொழி கூர்மையாகிறது என்றார். ஆசிரியர் முன்னால் நிற்கும் வகுப்பில் இது அபூர்வம், ஏனென்றால் மாணவர் திக்கினாலும் ஆசிரியருக்குப் புரிந்துவிடுகிறது. மாணவரும் “எனக்குப் புரியவில்லை” என்று 40 பேர் முன்னால் சொல்லத் துணிவதில்லை. சக மாணவரிடம் கேட்பதற்கு அந்தக் கூச்சம் இல்லை.

இன்னொருவர் கனடாவின் மெரில் ஸ்வெய்ன். அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகள் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சு மொழியிலேயே படிக்கும் பள்ளிகள் உண்டு. பல ஆண்டுகள் அப்படிப் படித்த மாணவர்கள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் தங்கிவிட்டன. கேட்பது மட்டும் போதாது, சொல்லியாக வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் தனக்குத் தெரியாதது எது என்று மாணவருக்கே தெரிய வருகிறது என்ற கருத்தை ஸ்வெய்ன் 1985இல் முன்வைத்தார். ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள அதன் வினைமுற்றைக் கவனிக்க வேண்டியதில்லை. அதே வாக்கியத்தைத் தானே சொல்ல வேண்டுமென்றால் வினைமுற்றைத் தப்ப முடியாது.

சேர்ந்து கற்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்கள் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் மாணவர் கற்கும் முறையைச் சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு வைக்கிறார். ஆசான் சொன்னதை முழுக் கவனத்தோடு கேட்டாலும் கால்பங்குதான் பிடிபடும். தன்னோடு படிப்பவர்களுடன் பழகுவதில் இன்னொரு கால்பங்கு வரும். மற்றவர்க்குச் செம்மையாக எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரைப்பங்கும் நிறைந்து, குற்றமற்ற புலமை ஆகும். ஆசிரியரை இவ்வளவு உயர்வாகப் பேசும் ஒரு நூல், கற்றலில் ஆசிரியரின் நேரடிப் பங்கைக் கால்பங்கு என்று நிறுத்துவது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

எடுத்துச் சொல்வதற்கு அவர் கொடுத்த எடை வெறும் பாராட்டு இல்லை. கலிபோர்னியாவில் நோரீன் வெப், பெரும்பாலும் கணித வகுப்புகளில், சிறு குழுக்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். நண்பருக்கு ஏன், எப்படி என்று விளக்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள். விளக்கம் கேட்டுவிட்டு வெறும் விடையை மட்டும் வாங்கிக்கொண்டவர்களுக்குப் பயன் கிடைக்கவில்லை. வகுப்பில் “அவனுக்குச் சொல்லிக் கொடு” என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதை இது யோசிக்க வைக்கிறது. விடைத்தாளை நகர்த்திக் காட்டுவதும் சொல்லிக் கொடுப்பதாகவே மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘விடை சொல்லாதே, வழி சொல்’ என்று பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

துண்டு துண்டாகக் கிடைத்த வரலாறு

1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் பெரிய பதற்றம். அதுவரை தனித்தனியாகப் படித்துவந்த வெள்ளையின, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பறைக்கு வந்திருந்தார்கள். நிலைமையைச் சீர்செய்ய அழைக்கப்பட்ட உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவரது மாணவர்களும் வகுப்புகளைக் கவனித்தபோது கண்ணில் பட்டது போட்டி. ஆசிரியர் கேட்பார், ஐந்தாறு கைகள் உயரும், ஒருவர் சொல்வார், மற்றவர்களின் முகம் தொங்கும். அவர்கள் செய்த மாற்றம் எளிமையானது. ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார்கள். முழு வரலாற்றிலும் தேர்வு உண்டு. மற்றத் துண்டுகளை அறிய ஒரே வழி, அது யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதைக் கேட்பது.

அந்தக் குழுக்களில் ஒரு சிறுவன். ஆங்கிலம் அவனுக்கு இரண்டாவது மொழி. தன் பங்கைச் சொல்லத் தொடங்கியவன் திணறினான், தவித்தான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் அவர்களைத் திட்டவில்லை. கேலி செய்வதானால் செய்யலாம், ஆனால் அவனிடம் உள்ள பகுதி உங்களுக்குத் தெரியாமல் போகும், தேர்வு இன்னும் சற்று நேரத்தில் இருக்கிறது என்ற பொருளில் நினைவூட்டினார். அவ்வளவுதான். சில நாட்களில் அந்தக் குழந்தைகள் நல்ல கேள்வி கேட்கப் பழகிவிட்டார்கள், அவன் தயங்கும் இடத்தில் பொறுமையாக இழுத்துக் கேட்டார்கள். அவர்கள் கேட்கக் கேட்க அவனுக்கும் பேச்சு வந்தது. ஆரன்சன் இதைப் பதிவு செய்தது இன உறவுகளைப் பற்றிப் பேசுவதற்காக. மொழி ஆசிரியராக எனக்கு இதில் தெரிவது வேறு. இரண்டாம் மொழியில் தடுமாறும் ஒரு குழந்தையைப் பேச வைத்தது எந்த உச்சரிப்புப் பயிற்சியும் இல்லை. ‘நீ சொல்வது எங்களுக்கு வேண்டும்’ என்று கேட்ட மூன்று நான்கு பேர்.

இதை மொழி வகுப்பில் செய்வது சிரமம் இல்லை. ஒரு சிறுகதையை நான்கு துண்டாக வெட்டுங்கள். ஆளுக்கொன்று. படித்து முடித்ததும் தாள்களைத் திரும்ப வாங்கிவிடுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால் மொத்த முயற்சியும் வீணாகும். தாள் கையில் இருந்தால் மாணவர்கள் அதைச் சுற்றில் விட்டுவிடுவார்கள், அல்லது குரல் உயர்த்தி வாசித்துவிடுவார்கள். பேச்சு பிறக்காது. தாள் போனபின் ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சொந்த வாக்கியங்களில் சொல்லி, எது முதலில், எது அடுத்து என்று குழு முடிவு செய்ய வேண்டும். “உன் பகுதியில் அவர் ஊருக்குத் திரும்பி வந்தாரா, இன்னும் வரவில்லையா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இறந்தகாலமும் எதிர்மறையும் சரியாக வந்தாக வேண்டும். இலக்கணத்துக்கு அங்கே ஒரு வேலை கிடைக்கிறது.

இருவருக்கான வடிவமும் உண்டு. சிறுசிறு வேறுபாடுகள் கொண்ட இரண்டு படங்கள், ஆளுக்கொன்று. ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. பேசிப் பேசியே ஏழு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வகைப் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். தகவல் இரு பக்கமும் இருக்க வேண்டும், முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் தகவல் இருந்தால் மற்றவர் ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பார். முடிவு எப்படியும் இருக்கலாம் என்றால் பேச்சு பாதியில் படுத்துவிடும்.

மரங்கள் விழுந்ததா, விழுந்தனவா?

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி சொல்வதெழுதுதலின் ஒரு மாற்று வடிவம். ரூத் வாய்ன்ரிப் 1990இல் வெளியிட்ட ஆசிரியர் கையேடு ஒன்றால் பரவலானது இது. நான்கைந்து வாக்கியமுள்ள ஒரு சிறு பத்தியை ஆசிரியர் இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிக்கிறார். முதல் முறை கேட்க மட்டும். இரண்டாம் முறை முக்கியச் சொற்களைக் குறித்துக்கொள்ளலாம். வேகம் காரணமாக யாராலும் முழுதும் எழுத முடியாது. பிறகு மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்குக் கிடைத்த சொற்களை வைத்து அந்தப் பத்தியை மறுபடி கட்ட வேண்டும். கருத்து மாறக் கூடாது, இலக்கணம் சரியாக இருக்க வேண்டும். மூலத்தின் அதே சொற்கள் வேண்டியதில்லை.

இப்படிக் கட்டும்போது நடக்கும் பேச்சு ஏறத்தாழ இந்த மாதிரி இருக்கும்:

“காற்றில் மரங்கள் விழுந்ததுன்னு எழுதியிருக்கே. சரியா?”

“அப்படித்தானே பேசறோம்?”

“பேசும்போது சரி. எழுதும்போது பல மரம் இல்லையா? ‘விழுந்தன’ன்னு வரணும்.”

“அப்போ மேலே ‘இலைகள் உதிர்ந்தது’ன்னு போட்டோமே, அதுவும் தப்புதானே?”

கடைசி வரியைப் பாருங்கள். ஒருமை பன்மை விதியை யாரும் அந்த மாணவருக்கு ஒப்பிக்கவில்லை. ஒரு இடத்தில் கண்டதை இன்னொரு இடத்துக்குத் தானே எடுத்துச் சென்று பொருத்துகிறார். பேச்சு மொழிக்கும் எழுத்து மொழிக்கும் உள்ள இடைவெளியைத் தாங்களே தொட்டுப் பார்க்கிறார்கள். நான் கரும்பலகையில் பத்து முறை எழுதிக் காட்டியும் வராத கவனம் அது. மொழியைப் பற்றி மொழியாலேயே யோசிக்கும் இத்தகைய உரையாடல்களைத்தான் ஸ்வெய்ன் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார். இப்படி இருவர் சேர்ந்து தீர்த்துக்கொண்ட ஐயங்கள் பிறகு தனியாக எழுதும்போதும் பெரும்பாலும் நினைவில் நிற்கின்றன. தவறாகத் தீர்த்துக்கொண்டால் அந்தத் தவறும் நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் பயிற்சியின் முடிவில் மூலப் பத்தியைக் காட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதை விடக் கூடாது. நேரம் போதவில்லை என்றால் கட்டும் வேலையைச் சுருக்கலாம், ஒப்பிடுவதைச் சுருக்கக் கூடாது.

யார் பேசுகிறார், யார் அடங்கிப் போகிறார்

வேலையை நன்றாக அமைத்துவிட்டாலும் ஒரு பிரச்சினை மிச்சம் இருக்கும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். வகுப்பில் ‘நன்றாகப் படிப்பவர்’ என்று பெயர் எடுத்தவர் குழுவில் அதிகம் பேசுகிறார். அவர் சொல்வது தவறாக இருந்தாலும் மற்றவர்கள் ஏற்கிறார்கள். ‘சுமார்’ என்று பெயர் வாங்கியவர் சரியானதைச் சொன்னாலும் காதில் விழுவதில்லை. அதிகம் பேசுபவர் அதிகம் கற்கிறார். ஆக, கவனிக்காமல் விட்டால் குழுவேலை ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பெரிதாக்கிவிடும்.

கோஹன் சொன்ன மருந்துகளில் ஒன்று என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அடங்கிப் போகும் மாணவர் உண்மையாகவே நன்றாகச் செய்த ஒன்றை ஆசிரியர் கவனித்து, அது என்ன, குழுவுக்கு அது எப்படி உதவியது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். “சபாஷ்” என்று பொதுவாகச் சொல்வது போதாது. “கதையின் இரண்டாவது பகுதியில் நேரம் குறிப்பிடப்பட்டிருப்பதை அவள்தான் கவனித்தாள், அதை வைத்துத்தான் வரிசையே சரியாகிறது” என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில் அந்தக் குழுவில் அவள் பக்கம் எத்தனை முகங்கள் திரும்புகின்றன என்று பாருங்கள். பொய்யாகப் பாராட்டினால் இது வேலை செய்யாது. குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும்.

இருவர் சேர்ந்து எழுதும்போது அவர்களுக்குள் உருவாகும் உறவை ஆஸ்திரேலியாவில் நியோமி ஸ்டார்ச் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார். நான்கு வகை ஜோடிகளை அவர் கண்டார். இருவரும் கலந்து முடிவெடுப்பவர்கள். இருவரும் தன் பிடியிலேயே நிற்பவர்கள். ஒருவர் ஆள, மற்றவர் சும்மா இருப்பவர்கள். ஒருவர் அதிகம் தெரிந்தவராக இருந்து மற்றவரைக் கைபிடித்து அழைத்துப் போகிறவர்கள். முதல் வகையிலும் கடைசி வகையிலும்தான் கற்றது தங்கியது. கடைசி வகை கவனிக்க வேண்டியது. திறமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது கெடுதல் இல்லை, தெரிந்தவர் மற்றவரை உள்ளே இழுக்கிறாரா, ஓரம் கட்டுகிறாரா என்பதில்தான் இருக்கிறது.

இதைச் சரிசெய்யச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் உதவும். குழுவுக்கு ஒரே தாள், ஒரே பேனா. பேனா பிடித்தவர் தன் கருத்தை எழுதக் கூடாது, மற்றவர் சொன்னதை மட்டுமே எழுதலாம் என்று வைத்தால், வேகமாக எழுதி முடித்துவிடும் மாணவர் கேட்கத் தொடங்குவார். குழுத்தலைவர் என்று ஒருவரை வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். தலைவர் வந்தவுடன் மற்றவர்கள் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில், ‘ஏன் அப்படி?’ என்று கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவரை வைத்து, அந்த வேலையைச் சுற்றில் விடலாம். வாசிப்புக்கு அன்மேரி பாலின்ஸ்காரும் ஆன் பிரவுனும் 1984இல் விவரித்த முறையில் இப்படி நான்கு வேலைகள் உண்டு. சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. ஒவ்வொரு பத்திக்கும் வேலைகள் கைமாறும்.

எத்தனை பேர்? இரண்டில் தொடங்கி நான்கைத் தாண்ட வேண்டாம் என்பேன். நான்கு பேரில் ஆறு ஜோடிகள் உண்டு, ஆறு பேரில் 15. ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் எப்போதும் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

மதிப்பெண் என்ற முள்

பெற்றோர் ஒருவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது: “இன்னொரு பிள்ளை சரியாகச் செய்யாததற்கு என் பிள்ளையின் மார்க் ஏன் குறைய வேண்டும்?” குறையக் கூடாது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் போட்டு அதையே எல்லோர் கணக்கிலும் ஏற்றுவது அநியாயம். கூடிக் கற்றலின் மீது வெறுப்பு வளர அதைவிடச் சுருக்குவழி இல்லை.

சேர்ந்து கற்பது, தனித்தனியாகத் தேர்வு எழுதுவது. இதுதான் சரியான பிரிவு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லாவின் உருவாக்கிய முறையில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரும் தனியாகத் தேர்வு எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் தன்னுடைய முந்தைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறினார் என்பதைப் பொறுத்துக் குழுவுக்குப் புள்ளிகள். 40 எடுத்துவந்தவர் 55 எடுத்தால், 90 எடுத்துவந்தவர் 92 எடுத்ததைவிடக் குழுவுக்கு அதிகம் தருகிறார். பின்தங்கிய மாணவர் குழுவுக்குச் சுமை என்ற நிலை மாறி, அதிகப் புள்ளி கொண்டுவரக்கூடியவர் ஆகிறார். நன்றாகப் படிப்பவருக்கு அவரோடு உட்கார்ந்து சொல்லித்தர ஒரு காரணமும் கிடைக்கிறது. இந்தப் புள்ளிகளைப் பாராட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு தேர்ச்சி அட்டைக்குக் கொண்டுபோகாமல் இருந்தால் யாருக்கும் குறையும் இல்லை.

மதிப்பெண்ணே இல்லாமல் தனிப்பொறுப்பைக் கொண்டுவரவும் வழி இருக்கிறது. குழுவில் ஒன்று முதல் நான்கு வரை ஆளுக்கொரு எண். கேள்வி கேட்டதும் குழு தலைகூடிப் பேசுகிறது. பிறகு ஆசிரியர் ஏதோ ஒரு எண்ணைச் சொல்கிறார். “மூன்று!” அந்த எண்ணுக்குரியவர் எழுந்து சொல்ல வேண்டும். எந்த எண் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், தெரிந்தவர் தெரியாதவரைத் தயார்ப்படுத்தியே தீர வேண்டும். கூச்சப்படும் மாணவருக்கும் இது உதவுகிறது. அவர் சொல்லப்போவது நான்கு பேர் சரிபார்த்த விடை. தவறாகிப் போனாலும் அது அவர் ஒருவருடைய தவறு இல்லை.

சத்தம், தாய்மொழி, தொற்றும் பிழை

ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்று தயக்கங்கள் உண்டு. சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு நடக்கும் மொழி வகுப்பில் ஓசை இருக்கத்தான் செய்யும். கை உயர்த்தினால் எல்லோரும் பேச்சை நிறுத்தித் தாங்களும் கை உயர்த்துவது என்று ஒரு சைகையை முதல் நாளே பழக்கிவிட்டால் போதும்.

மாணவர்கள் தவறாகப் பேசி ஒருவர் பிழையை மற்றவர் பிடித்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. லாங்கும் பட்ரீஷியா போர்ட்டரும் அதுவரை வந்த ஆய்வுகளை 1985இல் தொகுத்துப் பார்த்தார்கள். மொழியை நன்கறிந்தவரோடு பேசும்போது செய்யும் பிழைகளைவிடச் சக மாணவரோடு பேசும்போது அதிகப் பிழை செய்வதாகத் தெரியவில்லை. பேச்சின் அளவும், புரியாததைக் கேட்டுத் தெளிவதும் மட்டும் கூடின. இதற்காக ஆசிரியர் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று பொருள் இல்லை. குழுக்களிடையே நடக்கும்போது ஒரு சின்ன நோட்டில் கேட்ட வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் நான்கைந்தை யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்வேன். நடுவில் புகுந்து திருத்தினால் பேச்சு அங்கேயே உறைந்துவிடுகிறது.

தாய்மொழி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. இரண்டாம் மொழி வகுப்பில் குழுவாக விட்டவுடன் மாணவர்கள் தங்களுக்கு எளிதான மொழிக்குத் தாவுகிறார்கள். முழுத் தடை போட்டால் கஷ்டமான வேலையில் யோசிப்பதே நின்றுபோகும். எதைச் செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்ளவும், ஒரு சொல்லின் பொருளை உறுதி செய்யவும் தாய்மொழி உதவட்டும். வெளியே வரும் விளைவு, அதாவது எழுதுவதும் வகுப்புக்குச் சொல்வதும், கற்கும் மொழியில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் அவர்கள் தாவுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. கூடி வேலை செய்யத் தேவையான வாக்கியங்கள் அந்த மொழியில் அவர்களிடம் இல்லை. மறுப்பது எப்படி, இன்னொருவர் சொன்னதோடு சேர்த்துச் சொல்வது எப்படி, பேசாதவரைப் பேச அழைப்பது எப்படி என்று நாம் சொல்லித் தந்ததில்லை. “நீ சொல்றது சரிதான், ஆனா இன்னொண்ணும் இருக்கு”, “இன்னொரு தடவை சொல்றியா?”, “உனக்கு என்ன தோணுது?” போன்ற ஏழெட்டு வாக்கியங்களைக் கற்கும் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டி, முதல் இரண்டு வாரம் அவற்றையே பாடமாக நடத்தலாம். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட, பல மொழித்தேர்வுகள் பின்பற்றும் மொழித்திறன் சட்டகம் உரையாடிக் கொள்வதைப் பேசுவதிலிருந்து பிரித்து ஒரு தனித் திறனாகவே வைத்தது. 2018இல் வந்த அதன் துணைத்தொகுதி, குழுவில் மற்றவர்களோடு சேர்ந்து பொருளை உருவாக்குவதற்கும் தனி அளவுகோல்களைச் சேர்த்தது. கூடிப் பேசத் தெரிவது மொழித்திறனின் ஒரு பகுதி என்று தேர்வு உலகமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தொடங்க விரும்புபவருக்கு

நான்கு பேர் குழுவோடும் சார்ட்டோடும் தொடங்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் போதும். ஃபிராங்க் லைமன் 1981இல் சொன்ன முறையில் மூன்றே படிகள். முதலில் தனியாக யோசி, அப்புறம் பக்கத்தவரோடு பேசு, பிறகு வகுப்புக்குச் சொல். முதல் படியை அவசரத்தில் விழுங்கிவிடாதீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ கண்டார். அதை மூன்று நொடிக்குமேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். யோசிக்க நேரம் கிடைக்காத மாணவர் ஜோடியிலும் வெறுங்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது படியில் நான் ஒரு சிறு மாற்றம் செய்வதுண்டு. “நீ என்ன நினைத்தாய்?” என்று கேட்பதில்லை. “உன் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைக்கிறார், சொல்” என்று கேட்கிறேன். முதல் தடவை பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. பேசியிருந்தார்கள், கேட்டிருக்கவில்லை. அடுத்த நாள் அதே கேள்வி வரும் என்று தெரிந்ததும் ஜோடிகளுக்குள், “இரு, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு” என்ற குரல்கள் கேட்கத் தொடங்கின.